கணக்குக் கேட்ட குடிகள்: வட அயர்லாந்துச் சரித்திரம் புகட்டும் பாடம்



ஒரு குடும்பத் தலைவர் தம் ஆஸ்தியில் ஒரு பகுதியை இளைய மகனிடம் ஒப்புவித்து, "இதனை நீ ஆண்டு, இதனை நம்பியிருப்போரைக் காப்பாயாக" என்று சொல்லிவைத்தார் என்று கொள்வோம். அம்மகன் அவர்களைப் பட்டினியிடின் அவர்கள் யாரிடம் சென்று முறையிடுவது? மகனைக் கேட்டால், "தந்தை கொடுத்தது போதவில்லை" என்பான். தந்தையைக் கேட்டால், "அப்பொறுப்பு மகனுடையது, யாம் தலையிடுதல் முறையன்று" என்பார். இவ்விருவர்க்கும் இடையே ஏழையின் குரல் எழுந்த இடத்திலேயே அடங்கிப்போம். பேரரசு ஒன்று தன் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பிரித்துத் தன் உட்பகுதி அரசாங்கத்திற்கு அளிக்கும் இடங்களிலெல்லாம் இச்சங்கடம் நேர்வதுண்டு. அங்ஙனம் நேர்ந்த இடத்தில், எளிய குடிகள் சிலர் பொறுமையோடும் புத்தியோடும் கணக்குக் கேட்டு வந்த வரலாறு ஒன்றை இம்மாதம் நம்மவர்க்கு எடுத்துரைக்கக் கருதினோம். அவ்வரலாறு நிகழ்ந்த இடம் வட அயர்லாந்து.

கடல் கடந்த நாட்டின் கதை நமக்கு எற்றுக்கு என்று சிலர் வினவலாம். இந்திய மாகாணங்களில் மந்திரிகளுக்குச் சில இலாகாக்களை ஒப்புவித்த 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தை இயற்றிய அதே பிரிட்டிஷ் பார்லிமெண்டுதான், மறுவருஷமே அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தையும் இயற்றியது. அன்றியும், உத்தியோகங்களில் இன்ன வகுப்பார் இத்துணையர் என்று எண்ணிக் காட்டி நியாயம் கேட்கும் வழக்கம், சென்னை மாகாணத்தில் 1916-ஆம் வருஷத்துப் பிராமணரல்லாதார் அறிக்கை முதலாக நம் நாட்டார் நன்கறிந்ததே. ஆதலின் இச்சரித்திரம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

பூர்வ விருத்தாந்தம்

1920-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஆன்ட்ரிம், ஆர்மா, டௌன், பெர்மானா, லண்டன்டெரி, டைரோன் என்னும் ஆறு கவுண்டிகள் தனியே பிரிக்கப்பட்டு, அவற்றிற்கென ஒரு பார்லிமெண்டு அமைந்தது. 1921 ஜூன் 22-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெல்பாஸ்டு நகரத்தில் அதனைத் திறந்துவைத்தார். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிராட்டஸ்டண்டு மதத்தினர், எஞ்சியோர் கத்தோலிக்கர். ஒரு மதத்தினர்க்குச் சலுகையும் மற்றொரு மதத்தினர்க்கு இடையூறும் விளைக்கும் சட்டம் இயற்றலாகாது என்று அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தடுத்திருந்தது. ஆயினும் ஏட்டில் எழுதிய தடையைக் காவல் செய்ய ஆளில்லாவிடத்து, அத்தடையால் யாது பயன்?

சிறுபான்மையோர்க்கும் உரிய ஸ்தானங்கள் கிடைக்கும்படி அமைந்திருந்த விகிதாசாரத் தேர்தல் முறையை, அப்பார்லிமெண்டு 1922-இல் ஸ்தல ஸ்தாபனங்களினின்றும், 1929-இல் தன்னினின்றும் நீக்கியது. இலண்டனிலோ, வட அயர்லாந்துக்கு ஒப்புவிக்கப்பட்ட விஷயங்களைப் பற்றி இங்கே வினா எழுப்பலாகாது என்று சபாநாயகர் 1923-இல் தீர்ப்புச் செய்தார். அவ்வழக்கம் நாற்பது வருஷத்திற்கு மேல் நிலைத்து நின்றது. யாம் முதலிற் கூறிய தந்தை மகன் உவமை இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துதல் காண்க.

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் ஓட்டுரிமை வீட்டைப் பற்றி நின்றது. வீட்டுக்கு வரி செலுத்திக் குடியிருப்போனுக்கும் அவன் மனைவிக்குமே ஓட்டு. அவ்வீட்டில் ஒண்டியிருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும், வாடகை அறையில் வாழ்வோர்க்கும் ஓட்டில்லை. கம்பெனிகளுக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டுகள் உண்டு. பிரிட்டனில் 1945-ஆம் வருஷத்திலேயே ஒழிந்த இக்கட்டுப்பாடு வட அயர்லாந்தில் 1960-களின் இறுதி வரையில் நீடித்தது. நகரசபை ஏழைகளுக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுத்தால், அது வீடு மட்டுமன்று, இரண்டு ஓட்டுகளுமாகும். ஆகவே, எந்தக் குடும்பத்திற்கு வீடு வேண்டும் என்னும் கேள்வி போய், எந்தக் குடும்பத்தின் ஓட்டு வேண்டும் என்னும் கேள்வியே பல நகரசபைகளில் முன்னின்றது. வறுமையும் சமத்துவமின்மையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாய் முறுக்குண்ட விதம் இதுவேயாம்.

டெரி என்னும் லண்டன்டெரி நகரத்தின் கணக்கு ஒன்றே போதும். 1967-ஆம் வருஷத்தில் அந்நகரசபைத் தேர்தலுக்குரிய ஓட்டர்களில் கத்தோலிக்கர் 14,429 பேர். ஏனையோர் 8,781 பேர். ஆயினும், ஸ்தானங்கள் இருபதில் ஆளுங் கட்சியாராகிய யூனியனிஸ்டுகளுக்குப் பன்னிரண்டும் எதிர்த்தரப்பாருக்கு எட்டுமே கிடைத்தன. இதன் சூட்சுமம் யாதெனில், கத்தோலிக்கரில் பதினாயிரத்து நாற்பத்தெழுவரைத் தென்வட்டம் ஒன்றனுள்ளேயே அடைத்து, அவ்வட்டத்திற்கு எட்டு ஸ்தானங்கள் வகுத்து, மற்றை இரு வட்டங்களையும் யூனியனிஸ்டு ஓட்டர் மிகும்படி எல்லை கோலிப் பன்னிரண்டு ஸ்தானங்கள் அளித்தமையே. எல்லைக்கோடு இழுத்த எழுதுகோல், பெரும்பான்மையைச் சிறுபான்மையாக்கிற்று.

எண்ணிக் காட்டிய தம்பதிகள்

டைரோன் கவுண்டியில் டங்கானன் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் கான் மக்ளஸ்கி என்னும் வைத்தியரும், பேட்ரிசியா மக்ளஸ்கி என்னும் அவர் மனைவியாரும் வாழ்ந்தனர். இளங்குடும்பங்கள் பல, ஓரறையில் நெருங்கிக் கிடந்து வீட்டுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதை அவர்கள் கண்டனர். 1963-இல் இளந்தாய்மார் பலர் ஒன்றுகூடி நகரசபைக்கு விண்ணப்பம் செய்தனர். மக்ளஸ்கி அம்மையார் அவர்களுக்குத் துணை நின்றார். மறுவருஷம் ஜனவரியில் அத்தம்பதிகளும் நண்பர் சிலரும் சமூக நீதிக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினர்.

அவர்கள் செய்த வேலையின் தன்மை நம்மவர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. அவர்கள் வசைமொழி ஒன்றும் எழுதவில்லை. ஊர் ஊராகச் சென்று, இந்நகரசபையில் கத்தோலிக்கர் எத்துணையர், அங்கத்தினர் எத்துணையர், உத்தியோகஸ்தர் எத்துணையர், கட்டிய வீடுகள் எத்தனை, அவற்றைப் பெற்றோர் யாவர் என்று எண்ணித் தொகுத்துச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டனர். அவற்றை இலண்டன் பார்லிமெண்டு அங்கத்தினர்க்கும், பத்திரிகைகளுக்கும், பிரதம மந்திரிக்கும் அனுப்பினர். இலண்டனிலிருந்து வந்த விடை, இவை வட அயர்லாந்து அரசாங்கத்துக்கு உட்பட்டவை என்பதே. அவ்விடையையும் அவர்கள் வீணாக்கவில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குச் சான்றாக அதனையும் பிரசுரித்தனர்.

1967-இல் குடியுரிமைச் சங்கம் தோன்றியது. 1968 ஜூன் மாதம் காலிடன் என்னும் கிராமத்தில், குழந்தைகளையுடைய குடும்பங்கள் காத்திருக்கையில், விவாகமாகாத பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர்க்கு வீடு ஒதுக்கப்பட்டது. அதனைக் கண்டித்து, ஆஸ்டின் கரி என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் அவ்வீட்டினுட் புகுந்து அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 5-இல் டெரி நகரத்தில் ஊர்வலம் சென்றோரைப் போலீஸார் தடிகொண்டு அடித்த காட்சி தொலைக்காட்சியில் உலகெங்கும் பரவிற்று. அதன்பின் சில வாரங்களிலேயே பிரதம மந்திரி டெரன்ஸ் ஓநீல் சீர்திருத்தங்களை அறிவிக்கலானார். 1969-இல் கேமரன் பிரபுவின் விசாரணைக் கமிஷன், வீடு வழங்குவதிலும் எல்லை வகுப்பதிலும் நடந்த அநீதி பற்றிய முறையீடுகள் ஆதாரமுடையனவே என்று எழுதிற்று. மக்ளஸ்கி தம்பதிகள் எண்ணிவைத்த எண்களை அரசாங்கக் கமிஷனும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டது என்க.

1971-இல் வீடு வழங்கும் அதிகாரம் நகரசபைகளினின்றும் பறிக்கப்பட்டு, வீட்டு வசதி நிருவாகம் என்னும் தனி ஸ்தாபனத்திடம் சேர்ந்தது. தேவைக்கேற்பப் புள்ளியிட்டு வீடு கொடுக்கும் முறையும் வந்தது. ஆனால் காலம் தாழ்ந்துவிட்டது. கலகமும் கொலையும் மூண்டு, முப்பது ஆண்டுகளில் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1972 மார்ச்சில் அப்பார்லிமெண்டு நிறுத்தப்பட்டு, இலண்டன் நேரே ஆளலாயிற்று. கணக்குக் கேட்டவர்க்கு உரிய காலத்தில் விடை கூறியிருப்பின், இத்துயரத்திற் பெரும்பகுதி நிகழாதிருந்திருக்கும் என்பது எம் துணிபு.

சட்டமான சமத்துவம்

வேலை வாய்ப்பில் நியாயம் வேண்டி 1976-இல் ஒரு சட்டமும், அது போதாமையின் 1989-இல் கடுமையான வேறொரு சட்டமும் பிறந்தன. 1980-களிலும் கத்தோலிக்க ஆடவரிடையே வேலையின்மை ஏனை ஆடவரினும் ஏறத்தாழ இரண்டரை மடங்காய் இருந்தமையே இதற்குக் காரணம். முதலாளிமார் தம் வேலையாட்களில் எம்மதத்தினர் எத்துணையர் என்று ஆண்டுதோறும் எண்ணித் தெரிவித்தல் வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டளையிட்டது. முன்னர்க் குறைகூறுவோன் தன் கைப்பொருளைச் செலவிட்டு எண்ண வேண்டியிருந்தது. இப்பொழுது எண்ணிக் காட்டும் கடமை அதிகாரமுடையோன் தலைமேல் ஏறிற்று.

1990-களில், அரசாங்கத்தின் ஒவ்வொரு திட்டமும் பல்வேறு மக்களை எங்ஙனம் பாதிக்கும் என்று ஆராய வேண்டுமென உத்தியோகஸ்தர்க்கு வழிகாட்டுக் குறிப்புகள் அனுப்பப்பட்டன. அவை சட்டமல்லவாதலின், விரும்பினோர் கைக்கொண்டனர். விரும்பாதோர் அலமாரியில் வைத்தனர். இனெஸ் மக்கார்மக் என்னும் தொழிற்சங்கத் தலைவியார் முதலியோர், இக்குறிப்புகளைச் சட்டமாக்குக என்று விடாது வற்புறுத்தினர். 1998 ஏப்ரல் 10-இல் சமாதான உடன்படிக்கை முடிந்தது. மே மாதத்தில் ஓட்டளித்த குடிகளில் நூற்றுக்கு 71 பேர் அதற்கு இசைந்தனர். அவ்வாண்டுச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, மதம், அரசியற் கருத்து, இனம், வயது, விவாக நிலை, ஆண் பெண் என்னும் பேதம், அங்கக் குறைவு முதலாக ஒன்பது வகையினரிடையே சம வாய்ப்பை வளர்ப்பதில் தக்க கருத்துச் செலுத்துதல் பொது ஸ்தாபனங்களின் கடமை என்று விதித்தது. ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் சமத்துவத் திட்டத்தை வெளியிட்டு, பாதிக்கப்படுவோரைக் கலந்து, விளைவை ஆராய்தல் வேண்டும். தவறின் சமத்துவக் கமிஷனிடம் முறையிடலாம்.

இவ்வேற்பாடு சிறந்ததேயாயினும், குறைகள் இரண்டு உடையது. ஒன்று, தக்க கருத்துச் செலுத்துக என்று சொல்லிற்றேயன்றி, இன்ன பயனை விளைத்துக் காட்டுக என்று சொல்லவில்லை. மற்றொன்று, அவ்வொன்பது வகையில் வறுமை இல்லை. ஏழை ஏழையாயிருத்தலைப் பற்றி அப்பிரிவின்கீழ் வழக்குரைத்தல் அரிது.

ஏட்டளவில் நின்ற கட்டளை

அக்குறையை நிரப்பும் வகையில் 2006-இல் புனித ஆண்ட்ரூஸ் உடன்படிக்கையை ஒட்டிய சட்டத்தால், முன் சட்டத்தினுள் 28ஈ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வறுமையையும், சமூக ஒதுக்கத்தையும், இல்லாமை படிந்த நிலைகளையும், நடுநிலையாக அளந்தறிந்த தேவையின் அடிப்படையில் எங்ஙனம் எதிர்க்கப்போகிறோம் என்று காட்டும் திட்டத்தை மந்திரிசபை மேற்கொள்ளுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. "மேற்கொள்ளலாம்" என்றன்று, "வேண்டும்" என்றே சட்டம் கூறிற்று.

நேர் ஆட்சிக் காலத்து மந்திரிகள் 2006-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டிருந்தனர். 2007-இல் அமைந்த உள்நாட்டு மந்திரிசபை, 2008-இல் அத்திட்டத்தின் பொதுவான அமைப்பையும் கொள்கைகளையும் ஏற்றுக்கொண்டதாக அறிவித்து அவ்வளவில் நின்றது. வருஷங்கள் உருண்டன. 1981 முதல் குடிகளின் உரிமைக்காக உழைத்து வந்த நீதி பரிபாலனக் கமிட்டி, இறுதியில் பெல்பாஸ்டு ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 2015 ஜூன் மாதம் நீதிபதி திரேசி, கட்டட வரைபடத்தை ஒப்புக்கொள்ளுதல் கட்டடம் கட்டுதலாகாது என்னும் பொருள்படத் தீர்ப்புச் செய்து, மந்திரிசபை சட்டக் கடமையினின்று தவறிற்று என்றார். தேவையை நடுநிலையாக அளப்பதன் நோக்கத்தையும் அவர் விளக்கினார். இவன் எம்மவனா, அயலானா என்று பாராது, இல்லாமை எவ்வளவு என்பதையே பார்த்துப் பொருளைப் பகிர்ந்தால், பாரபட்சத்துக்கு இடம் குறையும் என்பதே அது. டங்கானனில் மக்ளஸ்கி தம்பதிகள் கேட்டதும் இதுவன்றோ!

தீர்ப்புப் பெற்றதனால் திட்டம் வந்ததா? இல்லை. 2017 ஜனவரி முதல் மூன்று வருஷங்களும், 2022 பிப்ரவரி முதல் இரண்டு வருஷங்களும், கட்சிகளின் பிணக்கால் மந்திரிசபை இயங்கவில்லை. கணக்குக் கேட்பதற்கு ஆளே இல்லாத காலம் அது. இடையில் 2021 மார்ச்சில், அரசாங்கமே நியமித்த நிபுணர் குழு, வறுமை ஒழிப்புக்கெனத் தனிச் சட்டமும் குறிக்கோள் எண்களும் வேண்டும் என்று சிபார்சு செய்தது. அதுவும் ஏட்டில் உறங்கிற்று. 2024-இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை, ஏறத்தாழ ஐந்து குழந்தைகளில் ஒரு குழந்தை வறுமையில் வாழ்வதை எடுத்துக்காட்டிற்று. அதே கமிட்டி மீண்டும் வழக்காடி, 2025 மார்ச்சில் மந்திரிசபை இன்னும் கடமை தவறியே நிற்கின்றது என்று இரண்டாந் தீர்ப்புப் பெற்றது. அவ்வாண்டு ஜூனில் வரைவுத் திட்டம் ஒன்று குடிகளின் அபிப்பிராயத்திற்காக வெளியாயிற்று. அதில் அளந்தறியத்தக்க இலக்கும் காலவரையறையும் ஒதுக்கிய பணமும் இல்லையெனத் தொண்டு ஸ்தாபனங்கள் பலவும் குறைகூறின. சட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த குழந்தை, வரைவு வெளியான ஆண்டில் ஓட்டுரிமை எய்தும் பருவத்தை அடைந்துவிட்டது.

ஏழு மாடங்கள்

இவ்வளவில் நம்பிக்கை இழத்தல் வேண்டா. வட பெல்பாஸ்டில் நியூலாட்ஜ் என்னுமிடத்தில், ஏழு உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் உள. அங்கு வாழ்ந்த தாய்மார், சுவரில் ஈரம் கசிதலும், புறாக்களின் எச்சம் குவிதலும், குளிக்கும் தொட்டியில் சாக்கடை நீர் மேலெழுதலும் கண்டு நெடுங்காலம் வருந்தினர். முன் கூறிய மக்கார்மக் அம்மையார் 2006-இல் நிறுவிய உரிமைப் பயிற்சி இயக்கத்தின் துணையால், அவர்கள் தாமே கணக்கெடுக்கலாயினர். இத்தனை வீடுகளில் ஈரம், இத்தனை வீடுகளில் சாக்கடை என்று வீடு வீடாய் வினவி எண்ணி, குறித்த காலத்துக்குள் இவ்வெண் இத்துணை குறைதல் வேண்டும் என்று 2007-இல் பலரறிய அறிவித்தனர். பின்னரும் திரும்பத் திரும்ப எண்ணி வெளியிட்டனர். "வேலை நடந்துவருகிறது" என்னும் அதிகாரியின் மொழியை, "எங்கள் எண் குறைந்ததா?" என்னும் ஒரே கேள்வியால் அளந்தனர். ஹைக்கோர்ட்டு ஏறாத ஏழைத் தாய்மாரும் அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கலாம் என்பதற்கு இது சான்று.

எண்ணின் வலிமையை ஸ்காட்லாந்திலும் காணலாம். 2017-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு, வறுமையில் வாழும் குழந்தைகளை 2030-31-க்குள் நூற்றுக்குப் பத்துக்கும் கீழாகக் குறைத்தல் வேண்டும் என்றும், 2023-24-க்குள் பதினெட்டுக்கும் கீழாகக் குறைத்தல் வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அவ்விடைக்கால இலக்கு எய்தப்படவில்லை. எண் 22-இல் நின்றது. எனினும் தவறியது எவ்வளவு என்று எவரும் அறிய முடிந்தது. அரசாங்கமும் விடை கூற நேர்ந்தது. இலக்கில்லாத நாட்டில் தவறும் இல்லை, விடையும் இல்லை.

நாம் கொள்ளத் தக்கது

இச்சரித்திரத்தினின்று யாம் கொள்ளும் பாடங்கள் மூன்று. முதலாவது, முறையீடு எண்ணோடு செல்லுதல் வேண்டும்; கோபம் ஒருநாளில் ஆறும், எண் ஆறாது. இரண்டாவது, வாக்குறுதி தேதியோடும் அளவோடும் சட்டத்தில் ஏறுதல் வேண்டும். இன்றேல் அது ஏட்டுச் சுரைக்காயே. மூன்றாவது, தீர்ப்புப் பெற்ற அன்றே வேலை முடிந்ததென்று உறங்கலாகாது. பத்து வருஷம் கழித்து அதே வாயிலில் மீண்டும் நிற்கும் பொறுமை வேண்டும்.

நிற்க. பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளத்தல் அறமாகும். சங்கங்கள் நம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று நிதி திரட்டுகின்றன. அந்நிதி, நிருவாகிகளின் உறவுமுறையைப் பார்த்துச் செல்கின்றதா, இல்லாமையின் அளவைப் பார்த்துச் செல்கின்றதா? விண்ணப்பித்தோர் எத்துணையர், பெற்றோர் எத்துணையர், பெறாதார் பெறாமைக்குக் காரணம் யாது என்று ஆண்டுதோறும் அச்சிட்டு அங்கத்தினர் கையிற் கொடுக்க நாம் துணிகின்றோமா? விதவைத் தாய் ஒருத்தி சங்க வாயிலில் வந்து, "என் பிள்ளைக்கு ஏன் இல்லை?" என்று கேட்பாளாயின், அவளை அமரச்செய்து கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். அது நம்மிடம் இல்லையாயின், அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கும் நம் குரலுக்கு வலிமை ஏது?

ஆதலின், வரும் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வினாக்களைத் தயங்காது எழுப்புமாறு வேண்டுகின்றோம். கேட்போர் உள்ள வரையில்தான் கொடுப்போர் கடமை கடமையாய் நிற்கும்.